பனியன் அசல், படம்?

‘ஃபிரண்ட்ஸ்’, ‘ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்’ முதலிய தொலைக்காட்சித் தொடர்களின் பெயர் பொறித்த டீ-ஷர்ட்டுகளை இன்று நம் வகுப்பிலேயே காணலாம். சரவணம்பட்டிப் பேருந்து நிறுத்தத்தில் நின்றால் இன்னும் அதிகம். பெரும்பாலும் கைப்பேசி வழியே வாங்கியவை. ‘திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், நூற்றுக்கு நூறு ஒரிஜினல்’ என்பது விற்பவர் வாக்கு.

இதில் பாதி உண்மையாக இருக்கக்கூடும் என்பதே சிக்கல். திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதிக்குப் போக எஞ்சிய சரக்கு கிடைக்கத்தான் செய்கிறது. என் தாயார் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்ப்பவர். துணியைத் தொட்டதுமே தரம் சொல்லிவிடுவார். ஆனால் மேலே அச்சிட்ட படத்துக்கு உரிமம் உண்டா என்பதைத் துணி சொல்லாதே! ‘ஃபிரண்ட்ஸ்’ பெயரும் சின்னமும் அமெரிக்காவின் வார்னர் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு உரியவை. உரிமம் பெற்றுச் செய்த ஆடையே அசல். மற்றவை, எவ்வளவு நல்ல பருத்தியானாலும், போலியே.

ஆகவே நண்பர்களே, வாங்குமுன் கழுத்து லேபிளின் படத்தைக் கேளுங்கள். உரிமம் பெற்ற ஆடையில் உரிமையாளர் பெயர் லேபிளிலோ அட்டையிலோ இருப்பது வழக்கம். சின்னத்தையும் எண்ணிப் பாருங்கள்: 7 எழுத்துகள், இடையே 6 வண்ணப் புள்ளிகள். (தேர்ந்த போலியில் இதுவும் சரியாகவே இருக்கும், கணினி உள்ளவருக்கு இது பெரிய வித்தையா?) விற்பவர் முகவரிதான் முக்கியம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இணையச் சந்தைகள் விற்பவரின் பெயரையும் முகவரியையும் காட்ட வேண்டும். விடுதி நண்பர் ஒருவர் 399 ரூபாய்க்கு வாங்கினார். ஏறக்குறைய என் தாயாரின் ஒரு நாள் கூலி அது. இரண்டாம் சலவையில் படம் உரிந்தது. பணம் கேட்க முகவரியே இல்லை. முகவரி இருந்தும் பணம் தர மறுத்தால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.