டொலரும் கோதுமை மாவும்

ரூபா இறங்கினால் ஏற்றுமதிக்கு நல்லது என்பது பொருளாதாரம் படிப்பவர்களுக்கு ஆரம்பத்திலேயே சொல்லித்தரப்படும் பாடம். தேயிலையும் ஏற்றுமதிப் பொருள்தான். அப்படியானால் டொலர் ஏறும்போதெல்லாம் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிப்பவர் வீட்டில் கொஞ்சமாவது செழிப்பு தெரிய வேண்டும். நூற்றைம்பது ஆண்டுக் கணக்கைப் புரட்டினால் அதற்கு அடையாளம் கிடைப்பதில்லை. நாணய மாற்று விகிதம் தொழிலாளியை அடுப்படி வழியாகவே வந்து தொடுகிறது. அவர் உண்ணும் தானியம் எந்த நாணயத்துக்கு வாங்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் மீதி விளங்கும்.

1872இல் ரூபாவும் சதமும் இலங்கையின் சட்டப்படியான பணமாயின. அது இந்தியாவின் அதே வெள்ளி ரூபா. அப்போது ஏறக்குறைய 2 ஷில்லிங் பெறும். ஜெர்மனி தங்கத்துக்கு மாறித் தன் வெள்ளியை விற்றது, அமெரிக்கச் சுரங்கங்களும் வெள்ளியைக் கொட்டின. 1893இல் இந்திய நாணயச் சாலைகள் வெள்ளிக்குக் கதவடைத்த சமயத்தில் ரூபா 1 ஷில்லிங் 3 பென்ஸ் அளவுக்கு வந்துவிட்டது. நோயில் அழிந்த கோப்பிக் காணிகள் தேயிலைக்கு மாறியதும் இதே காலத்தில்தான். தோட்டத் துரைமாருக்கு நல்ல காலம்: தேயிலையை லண்டனில் பவுணுக்கு விற்றார்கள், கூலியை வெள்ளி ரூபாவில் கொடுத்தார்கள். ஆண் தொழிலாளியின் நாட்கூலி பல பத்தாண்டுகள் 33 சதத்தை ஒட்டியே நின்றது. 1870களின் தொடக்கத்தில் அது 8 பென்ஸ். 1890களில் 5 பென்ஸ். ஒரு சதமும் வெட்டாமலே கூலிச் செலவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் தோட்டம் அளந்து கொடுத்த அரிசி இந்தியாவிலிருந்தும் பர்மாவிலிருந்தும் வந்தது. அங்கேயும் ரூபாதான் புழங்கியது. தொழிலாளர்கள் சொந்த ஊர்ப்பக்கமான திருச்சிக்கும் சேலத்துக்கும் அனுப்பிய காசும் மதிப்புக் குறையாமல் போய்ச் சேர்ந்தது. ஆக, வெள்ளியின் சரிவில் தொழிலாளிக்கு லாபத்தில் பங்கில்லை, நட்டமும் நேராக வந்து விழவில்லை.

1966 ஜூனில் இந்தியா தன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தபோது இரு நாட்டு ரூபாக்களும் சமமாக இருந்த காலம் முடிந்தது. 1967 நவம்பரில் இலங்கையும் குறைத்தது, டொலர் 5.95 ரூபா ஆயிற்று. 1968 மே மாதம் இரட்டை விகிதம் வந்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களுக்கு அரச விகிதம் மட்டும். மற்ற ஏற்றுமதிகளுக்கு அதற்கு மேல் 44 வீதம், பிறகு 55, பிறகு 65. அத்தியாவசிய உணவும் மருந்தும் அரச விகிதத்தில் மலிவாக இறங்கின. நாட்டின் மலிவு உணவுக்குத் தேயிலை பணம் கட்டியது என்றே இதைச் சொல்ல வேண்டும். அந்த உணவைத் தோட்டத்து மக்களும் உண்டார்களே என்று கேட்கலாம். உண்டார்கள், ஆனால் 1973–74இல் உணவு தட்டுப்பட்டபோது மிக மோசமாக அடிபட்டதும் தோட்டங்களே. 1977 நவம்பரில் இரு விகிதங்களும் ஒன்றாகி டொலர் 16 ரூபா ஆயிற்று, கூடவே தேயிலையின் ஏற்றுமதி வரியும் உயர்ந்தது. புதிய வருமானத்தில் பெரும்பகுதி திறைசேரிக்குப் போனது.

2022இல் நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். மார்ச் வரை 200 ரூபாவை ஒட்டி நிறுத்தப்பட்டிருந்த டொலர் மே மாதத்தில் 360ஐ எட்டியது. கொழும்பு ஏலத்தில் 2021இல் சராசரியாகக் கிலோ 620 ரூபா அளவில் போன தேயிலை, 2022இல் 1,200 ரூபாவைத் தாண்டியது. நாட்சம்பளம் மட்டும் 2021இல் வர்த்தமானியில் வந்த 1,000 ரூபாவிலேயே நின்றது. டொலர் கணக்கில் 5 ஆக இருந்தது 3க்குக் கீழே போனது. டொலரிலா கடைக்குப் போகிறார்கள் என்று சிரிப்பவர்கள் உண்டு. காலை ரொட்டிக்கான கோதுமையில் ஒரு மணிகூட இந்த நாட்டில் விளைவதில்லை. மைசூர்ப் பருப்பும் கப்பலில்தான் வருகிறது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். பர்மா அரிசியின் காலத்தில் இருந்த மறைப்பு இப்போது இல்லை.

தோட்டக் கம்பனிகளின் பதிலையும் கேட்க வேண்டும். உரம், எரிபொருள், மின்சாரம் எல்லாம் ஏறின. 2021ஆம் ஆண்டின் இரசாயன உரத் தடை செடிகளை வாட்டியது. 30 கோடி கிலோவை ஒட்டியிருந்த நாட்டின் உற்பத்தி 2022இல் 25 கோடியாகச் சரிந்தது. இவை பொய்யல்ல. ஆனால் ஏல விலை வாரந்தோறும் டொலரைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்கிறது. சம்பளம் திருத்தப்பட 2024 செப்டெம்பர் வரை பிடித்தது. அப்போது வந்த 1,350 ரூபாவும் அன்றைய விகிதத்தில் நாலரை டொலர்தான். சம்பளத்தை டொலரோடு கட்டினால் ரூபா வலுக்கும்போது வெட்ட வேண்டி வருமே என்பது இன்னொரு ஆட்சேபம். நியாயம், 360இலிருந்து 300க்கு ரூபா திரும்பியதையும் பார்த்தோம். அதனால் டொலரோடு கட்ட வேண்டியதில்லை, மாவோடு கட்டலாம். கோதுமை மா, அரிசி, பருப்பு விலைகள் குறித்த அளவைத் தாண்டியதும் சம்பள நிர்ணய சபை கூடியே ஆக வேண்டும் என்று ஒரு விதி இருந்திருந்தால், உணவு விலை இரட்டிப்பானபின் இரண்டு ஆண்டுகள் பழைய சம்பளத்தில் ஓட்ட வேண்டி வந்திருக்காது.