என் வீட்டுக்குப் போக எனக்கே பாஸா?

காலை ஏழேகால் மணிக்கு, குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே ஏதாவது ஒரு பஸ் நிறுத்தத்தில், ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரை இழுத்துவிட்டுக்கொண்டு, டிபன் பாக்ஸும் குடையுமாக ஓர் ஆசாமி நின்றால் அது அநேகமாக நான்தான். வயது இருபத்தெட்டு. பி.காம். குன்னூரில் ஒரு தனியார் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ். கையில் வருகிற சம்பளம் இருபத்திரண்டாயிரம். (பெண் வீட்டார் கேட்டால் இருபத்தைந்து!)

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒரு மெயில் வந்தது. அதே அக்கவுண்ட்ஸ் வேலைதான். சம்பளம் நாற்பத்தெட்டாயிரம். பதினைந்து நாளில் பதில் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து வீட்டில் எனக்குத் தூக்கமும் இல்லை, சாம்பாரில் உப்பும் இல்லை. அம்மா அவ்வளவு யோசனையில் இருக்கிறாள்.

"போயிடு கண்ணு. அப்பவாச்சும் ஒரு பொண்ணு அமையும்" என்கிறாள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எங்கள் ஜாதகத் தரகர் போன மாதம் வந்து டீ குடித்துவிட்டு உண்மையைப் போட்டு உடைத்தார். "தம்பி, மாப்பிள்ளைக்குக் குன்னூர்ல வேலைன்னு சொல்றேனுங்க. 'ஆஹா, டூர் போக நல்ல ஊருங்களே'ன்னு சொல்லிட்டு ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துடறாங்க."

டூர் போக நல்ல ஊர்! எங்களுக்கு இதுதான் பிரச்னையே. உலகத்துக்கெல்லாம் ஊட்டி, குன்னூர் என்றால் தேன்நிலவு, ஸ்வெட்டர், வர்க்கி. நாங்கள் இங்கே கரண்ட் பில் கட்டுகிறோம், மூட்டு வலிக்குத் தைலம் தேய்க்கிறோம் என்பதை யாரும் நம்புவதில்லை.

நான் யோசிக்கிற வேகத்தைப் பார்த்து அம்மாவுக்கு எரிச்சல். "ஒரு பதில் எழுத எத்தனை நாளுடா?" என்றாள். அவளுக்கு எங்கள் மலை ரயில் கதையைச் சொன்னேன். மலைக்கு ரயில் விடலாம் என்று வெள்ளைக்காரன் முதலில் திட்டம் போட்டது 1854-இல். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை ரயில் ஓடியது 1899-இல். ஊட்டி போய்ச் சேர்ந்தது 1908-இல். யோசனைக்கும் ஊட்டிக்கும் நடுவே ஐம்பத்து நாலு வருஷம். நாற்பத்தாறு கிலோமீட்டர் தூரத்துக்கு! அதற்காக 2005-இல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் என்று பட்டமே கொடுத்தது. "எனக்குப் பதினைந்து நாள்தானேம்மா?" என்றேன். கரண்டியைக் காட்டினாள்.

விளையாட்டுப் பேச்சு இருக்கட்டும். என்னை நிஜமாகவே உலுக்கிய விஷயம் வேறு.

என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன் ஒருவன் பெங்களூரில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறான். கர்நாடகப் பதிவு எண்ணோடு கார் வாங்கினான். 2024 மே மாதம் குடும்பத்தோடு ஊருக்கு வரக் கிளம்பினான். அந்த மே 7-ஆம் தேதியிலிருந்துதான் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வருகிற வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. நீலகிரிப் பதிவு எண்ணான டி.என்.43 வண்டிகளுக்கு வேண்டாம். அரசு பஸ்ஸில் வந்தால் வேண்டாம். இவன் காருக்கு வேண்டும்! ராத்திரி போன் பண்ணினான்.

"டேய், எதுக்கு வர்றேன்னு கேக்குதுடா. என்ன போடறது?"

"சுற்றுலான்னு போடேன்."

கொஞ்ச நேரம் மௌனம். பிறகு சொன்னான்: "எங்க ஆத்தா இருக்கிற வீட்டுக்கு நான் சுற்றுலாவாடா வர்றேன்?"

பாஸ் இரண்டே நிமிஷத்தில் கிடைத்துவிட்டது. ஆனால் ஊருக்கு வந்தும் இரண்டு நாள் அவன் முகம் சரியில்லை.

இ-பாஸைக் குறை சொல்ல நான் தயாரில்லை. சீஸன் நாளில் பர்லியாரிலிருந்து குன்னூர் வரை பம்பரும் பம்பரும் ஒட்டிக்கொண்டு நிற்கிற கார்களுக்கு நடுவே ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டதைப் பார்த்தவன் எவனும் குறை சொல்ல மாட்டான். 2025 சீஸனில் ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளைக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறென்றால் 8,000 என்று நீதிமன்றம் கணக்கே போட்டுக் கொடுத்தது. மலை ஒன்றும் ரப்பர் இல்லையே, இழுத்த இழுப்புக்கு வர!

ஆனால் சிநேகிதன் கேட்ட கேள்வி மட்டும் எனக்குள் உட்கார்ந்துகொண்டது. நான் பெங்களூர் போனால், எத்தனை வருஷத்தில் உள்ளூர்க்காரன் பட்டியலிலிருந்து டூரிஸ்ட் பட்டியலுக்கு மாறுவேன்?

ஆபீஸில் விஷயம் கசிந்தது. சீனியர் ஒருவர், ரிட்டயர் ஆக நாலு வருஷம் பாக்கி. கேன்டீனுக்கு அழைத்துப் போய் அறிவுரை சொன்னார். "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதைப் புடிக்காதே தம்பி. நிலையான வேலையா பாரு."

நிலையான வேலை! இந்த மலையில் அதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது ஸார். ஊட்டி இந்து நகரில் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் என்று மத்திய அரசுத் தொழிற்சாலை. 1960-இல் நிறுவி 1967-இல் உற்பத்தி ஆரம்பித்தார்கள். போட்டோ ஃபிலிம், எக்ஸ்ரே ஃபிலிம் எல்லாம் 'இந்து' என்ற பெயரில் போனது. எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் "மாப்பிள்ளைக்கு ஃபிலிம் ஃபேக்டரியில் வேலை" என்றால் ஜாதகமே பார்க்க மாட்டார்களாம். பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது, டிஜிட்டல் கேமரா வந்தது. 1990-களிலேயே நலிந்த நிறுவனம் என்று பெயர் வாங்கியது. 2014-இல் விருப்ப ஓய்வுத் திட்டம். அத்தோடு கதை முடிந்தது. போட்டோ எடுக்காத ஆளே இல்லாத காலத்தில் ஃபிலிம் கம்பெனி மூடிய வேடிக்கையை என்னவென்று சொல்ல! இன்றைக்கு நான் வைத்திருக்கிற மொபைலில் மட்டும் நாலாயிரம் போட்டோ இருக்கிறது. பாதி, சாப்பாடு.

சரி, அருவங்காடு? அந்தக் கார்டைட் ஃபேக்டரிக்கு நூறு வயதுக்கு மேல். வெடிமருந்து. யுத்தம் இருக்கிறவரை வேலை இருக்கும் என்பார்கள். 2021 அக்டோபர் 1-ஆம் தேதி நாடு முழுக்க இருந்த படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தார்கள். முதல் நாள் வரை நேரடி அரசுத் துறை, மறுநாள் காலை கம்பெனி. வேலை போகவில்லை, ஆனால் 'சர்க்கார் உத்தியோகம்' என்ற வார்த்தைக்குள் இருந்த அந்த மெத்தை கொஞ்சம் இறங்கிவிட்டது.

இதையெல்லாம் சீனியரிடம் சொன்னேன். அவர் வடையைப் பிய்த்துக்கொண்டே, "அப்ப தேயிலை?" என்றார்.

தேயிலை எங்கள் வீட்டுச் சங்கதி. எங்களுக்கு ஒரு ஏக்கர் இருக்கிறது. தாத்தா காலத்தில் உருளைக்கிழங்கு போட்டு, பிறகு தேயிலைக்கு மாறிய நிலம். அப்பா அதில்தான் என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். அந்தக் கணக்கை நான் அக்கவுண்டண்ட் கண்ணோடு பார்க்கக் கூடாது. ஆனால் பார்த்துத் தொலைத்துவிட்டேன்.

வருஷத்துக்கு மூவாயிரம் கிலோ பச்சைத் தேயிலை தேறினால் அப்பா முகத்தில் சிரிப்பு. ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சை இலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். மாதாமாதம் ஏலத்தில் தூள் என்ன விலைக்குப் போனதோ அதை வைத்துத் தேயிலை வாரியம் பச்சை இலைக்கு ஒரு சராசரி விலை சொல்லும். அது கைக்கு வருவதற்குள், இலை வாங்குகிற ஆள் ஈரத்துக்கு என்று கொஞ்சம் கழிப்பார், முற்றின இலைக்கு என்று கொஞ்சம் கழிப்பார். மிச்சத்தில் பறிகூலி, உரம், கவாத்துக் கூலி. போன வருஷம் எல்லாம் போக நின்றது, என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளம். அப்பாவின் பன்னிரண்டு மாத உழைப்புக்கு!

இதில் பெரிய கொடுமை, விலையை நிர்ணயிக்கிற ஆசாமி எங்கே இருக்கிறார் என்றே எங்களுக்குத் தெரியாது. தென்னிந்தியத் தேயிலைக்குப் பெரிய வாடிக்கை சோவியத் யூனியன். 1991-இல் மாஸ்கோவில் யாரோ யாரோடோ சண்டை போட்டுக்கொண்டு தேசத்தையே கலைத்துவிட்டார்கள். 1990-களின் கடைசியில் இங்கே பச்சை இலை விலை விழுந்தது பாருங்கள், அப்பா அதை இன்றைக்கும் ஏதோ சொந்தக்காரர் செத்த வருஷம் மாதிரிதான் சொல்வார். அதற்கப்புறம் ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கிறது. 2023 செப்டம்பரில் கிலோவுக்கு முப்பது ரூபாய்க்கு மேல் வேண்டும் என்று கோத்தகிரிப் பக்கம் விவசாயிகள் நாள் கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள். அப்பாவும் ஒரு நாள் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். வந்ததும் அம்மாவிடம் டீ கேட்டார்.

இந்த நேரம் பார்த்துத்தான் நிலத்தரகர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மூன்று மொபைல். "அண்ணா, ஒரு ஏக்கர்ல இலை பறிச்சு என்னத்தைக் காணப் போறீங்க? வியூ இருக்குங்களே வியூ! காட்டேஜ் போடறவங்க வரிசையில நிக்கறாங்க" என்று ஒரு தொகை சொன்னார். அந்தத் தொகைக்கு எங்கள் தேயிலை எத்தனை வருஷம் விளைய வேண்டும் என்று மனசுக்குள் வகுத்துப் பார்த்தேன். விடை எழுதக் கூச்சமாக இருக்கிறது. நான் மட்டுமல்ல, என் பேரனும் ரிட்டயர் ஆகியிருப்பான்.

உண்மையைச் சொல்கிறேன். விற்றுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. தங்கை கல்விக்கடன் அடையும். வீட்டுக் கூரை மாறும்.

அப்பா தரகரைத் தோட்டத்தின் கீழ்க்கோடி வரை கூட்டிக்கொண்டு போனார். சரிவைக் காட்டினார். "2009 நவம்பர்ல கேத்தியில ஒரே நாள்ல எம்பத்திரண்டு சென்டிமீட்டர் மழைங்க. மாவட்டம் முச்சூடும் மண் சரிஞ்சு நாப்பது பேருக்கு மேல போயிட்டாங்க. அன்னிக்கு இந்த மண்ணு நின்னுதுங்க. செடி வேர் புடிச்சு நின்னுது. நீங்க இதைப் பறிச்சுட்டு ஜேசிபி விட்டீங்கன்னா, கீழே அந்த அஞ்சு வீடு இருக்குது பாருங்க..." என்று விரலை நீட்டினார். அதற்கு மேல் பேசவில்லை.

தரகர் அந்த ஐந்து வீட்டைப் பார்த்தார். பிறகு மணி பார்த்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஐந்தில் ஒரு வீட்டில்தான் நான் சின்ன வயதில் டி.வி. பார்க்கப் போவேன். வகுத்தல் கணக்குப் போட்டபோது அந்த வீடுகள் என் நினைப்பிலேயே வரவில்லை.

ஆக, நிலம் விற்பனைக்கு இல்லை என்று முடிவாயிற்று. என் விஷயம்?

பெங்களூர் என்ன சொர்க்கமா? 2024 மார்ச்சில் அங்கே தண்ணீர்ப் பஞ்சம் வந்து, குடிதண்ணீரில் காரைக் கழுவினால் ஐயாயிரம் அபராதம் என்று அறிவித்ததை நாமெல்லாம் படித்தோம். வாடகை, அட்வான்ஸ், டிராபிக் எல்லாம் கழித்துப் பார்த்தால் நாற்பத்தெட்டில் கையில் மிஞ்சுவது இங்கே மிஞ்சுவதைவிட ஏழெட்டாயிரம் அதிகம். அவ்வளவுதான். அங்கேயும் கம்ப்யூட்டரே கணக்கெழுதப் போகிறது என்று பயமுறுத்துகிறார்கள். நிலையான வேலை என்று தேடினால் நான் எங்கேயும் போக முடியாது, இங்கேயும் இருக்க முடியாது. அந்தக் கேள்வியைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டேன்.

பிறகு மிஞ்சிய கேள்வி சின்னது. தங்கையின் கடனுக்கு மாதம் ஏழாயிரம் கட்ட வேண்டும். ஏழெட்டாயிரத்தில் ஏழாயிரம். பொருந்துகிறதா? பொருந்துகிறது. இரண்டு மூன்று வருஷம் போய்விட்டு வரலாம். பதினோராம் நாள் ராத்திரி பதில் எழுதி அனுப்பிவிட்டேன். அம்மா உடனே ஜாதகத் தரகருக்கு போன் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவோடு தோட்டத்தில் இலை பறித்தேன். எனக்கு வேகம் போதாது. இரண்டு இலை, ஒரு கொழுந்து என்று பார்த்துப் பார்த்துக் கிள்ளுவதற்குள் அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். அங்கிருந்தே கேட்டார்.

"பைக்கை என்ன பண்ணப் போறே?"

"ஒருத்தன் கேட்டிருக்கான்ப்பா. குடுத்துட்டுப் போலாம்னு இருக்கேன். அங்க போய் வேற வாங்கிக்கறேன்."

கொஞ்ச நேரம் இலை ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டது.

"விக்காதே. டி.என்.43. இங்கயே நிக்கட்டும். நீ வர்றப்ப எவனும் உன்னை எதுக்கு வர்றேன்னு கேக்கக் கூடாது."

பைக் இங்கே ஷெட்டில் நின்றால் நான் எப்படியும் மேட்டுப்பாளையத்திலிருந்து அரசு பஸ்ஸில்தான் வரப் போகிறேன், பஸ்ஸில் வருகிறவனை யாரும் பாஸ் கேட்பதில்லை என்று அப்பாவிடம் நான் சொல்லவில்லை. "சரிங்கப்பா" என்றேன்.