உஷார்! "எல்லாம் படிச்சாச்சு" என்று நிம்மதியாக இருக்கிற பிள்ளைகளே, கொஞ்சம் நில்லுங்கள்!

பி.எஸ்சி. படிக்கிற கண்ணுகளா, செமஸ்டர் நெருங்கிவிட்டது. நோட்டு முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் போட்டாயிற்று. நாலு தடவை புரட்டியும் ஆயிற்று. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தெரிந்த மாதிரியே இருக்கிறது.

அந்த 'தெரிந்த மாதிரி'தான் ஆபத்து!

பார்த்தால் புரிவது வேறு, பார்க்காமல் எழுத வருவது வேறு. பலருக்கு இந்த வித்தியாசம் தேர்வறையில்தான் தெரிகிறது. தெரிந்து என்ன பயன்?

ஒரு பெண்ணுக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டாம் ஆண்டு வேதியியல். சோம்பேறி இல்லை, உழைக்கிற பிள்ளை. இயற்பிய வேதியியல் தேர்வுக்கு, சீனியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'இம்பார்ட்டன்ட் கொஸ்டின்ஸ்' பட்டியலை மட்டும் நம்பினாள். மின்வேதியியல் யூனிட்டை சாய்ஸில் விட்டாள். முந்தின நாள் இரவு பொட்டுத் தூக்கம் இல்லை.

அர்ரீனியஸ் சமன்பாட்டில் டெரிவேஷன் வரும் என்று போனாள். வந்தது கணக்கு. வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸிலிருந்து 37 ஆகும்போது வினைவேகம் இரட்டிப்பாகிறது, கிளர்வு ஆற்றல் எவ்வளவு? ஃபார்முலா நினைவில் இருந்தது. 27, 37 என்று அப்படியே போட்டுவிட்டாள். கெல்வினுக்கு மாற்றவில்லை. 300, 310 என்று போட்டிருந்தால் மோலுக்குச் சுமார் 53.6 கிலோஜூல் வந்திருக்கும். அவளுக்கு ஒரு கிலோஜூல்கூட வரவில்லை. இவ்வளவு சின்ன விடை வருமா என்று யோசிக்கக்கூட, விடிய விடிய விழித்த மூளையால் முடியவில்லை.

அடுத்தது பத்து மதிப்பெண் கேள்வி. நெர்ன்ஸ்ட் சமன்பாடு, 'அல்லது' கோல்ராஷ் விதி. இரண்டுமே அவள் விட்ட யூனிட். ஒரு வரி எழுதவில்லை.

அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரின் புதுப் பேப்பர்களோடு பழையதையும் சேர்த்துச் சுமந்தாள்.

படிக்காததால் வந்த வினை இல்லை இது. படித்த விதத்தால் வந்தது. அமெரிக்காவில், செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகரும் கார்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையைக் கேளுங்கள். ஒரு பகுதியை இரண்டு தடவை படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது 81 சதவீதம் சொன்னார்கள். ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் 75 தான். ஒரு வாரம் போனது. திரும்பப் படித்தவர்கள் 42-க்கு இறங்கினார்கள். எழுதிப் பழகியவர்களிடம் 56 மிஞ்சியது. தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை, பிள்ளைகளே!

இதில் ஏதாவது ஒன்று உங்களிடம் இருந்தாலும் உஷார்:

- நோட்டைத் திறந்தால் எல்லாம் தெரிகிறது. மூடினால் முதல் வரியே வரவில்லை.
- டெரிவேஷன் மனப்பாடம். மூன்றாவது வரி எப்படி வந்தது என்று கேட்டால் முழிக்கிறீர்கள்.
- போட்டு வைத்த கணக்கை வாசிக்கிறீர்கள். பேனா எடுத்து நீங்களாகப் போடவில்லை.
- வாயு மாறிலிக்கு எங்கே 8.314, எங்கே 0.0821 என்று யோசிப்பதே இல்லை. விடைக்கு அலகும் எழுதுவதில்லை.
- ஒரு யூனிட்டையே சாய்ஸில் விட்டிருக்கிறீர்கள்.
- ரெக்கார்டு நோட்டு தோழியைப் பார்த்து எழுதியது. வைவாவில் எக்ஸ்டர்னல் ஒரு கேள்வி கேட்டால் போதும், சாயம் வெளுத்துவிடும்.
- தேர்வுக்கு முந்தின இரவை டீயை வைத்து ஓட்டத் திட்டம்.

பயமுறுத்தச் சொல்லவில்லை, வயிறு கலங்கித்தான் சொல்கிறேன். அரியர் ஒரு பேப்பரோடு நிற்காது. கேம்பஸ் இன்டர்வியூவில் "ஸ்டாண்டிங் அரியர் இருக்கா?" என்று கேட்பார்கள். எம்.எஸ்சி. சேரும்போதும் அது குறுக்கே நிற்கும்.

ஆகவே நோட்டை மூடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து, விட்டதைச் சிவப்பு மையில் குறியுங்கள். மறுநாள் அந்தச் சிவப்பை மட்டும் மறுபடி எழுதுங்கள். பழைய கேள்வித்தாளை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, எழுந்திருக்காமல் எழுதிப் பாருங்கள். முந்தின இரவு தூங்குங்கள். கட்டாயம் தூங்குங்கள்!

தேர்வறைக்குள் போனதும் கேள்வித்தாளை முழுக்க வாசியுங்கள். கணக்கில் முதல் வேலை அலகை மாற்றுவது, கடைசி வேலை இந்த விடை நியாயமா என்று பார்ப்பது. செல்போனை உள்ளே கொண்டு போகவே போகாதீர்கள். அணைத்து வைத்திருந்தேன் என்று சொன்னாலும் தப்ப முடியாது.

இன்று இரவே ஒரு யூனிட்டை மூடிவைத்து எழுதிப் பாருங்கள். எது வரவில்லை என்று இன்று தெரிந்தால் படித்துக்கொள்ளலாம். தேர்வறையில் தெரிந்தால் யாராலும் உதவ முடியாது.