பொன்மீனும் இரைமீனும்

அழகு கருதி மனிதன் வளர்த்த மீன்களுள் நெடிய வரலாறுடையது பொன்மீன். சீன நாட்டிலே, சொங் அரசமரபினர் ஆண்ட காலத்தில் (960–1279), பொன்னிறங் கொண்ட மீன்களைத் தெரிந்தெடுத்துத் தடாகங்களில் வளர்த்துப் பெருக்கினர். அங்ஙனம் பேணப்பட்ட மீன், பிற மீன்களுக்கு இரையாகவும் இந்நாளில் வீட்டில் வளர்க்கப்படுகின்றது. இவ்வழக்கம் தக்கதோ என்பதை ஆராய்வாம்.

தென்னமெரிக்காவின் அமேசன் ஆற்றுநிலத்துக்குரிய ஒஸ்கார் முதலிய ஊனுண்ணும் மீன்களைக் கண்ணாடித் தொட்டியில் வளர்ப்போர் பலர், அவற்றுக்கு உயிர்மீனை இரையாக இடுவர். கடையில் விற்கும் மலிவான இரைமீன்கள் நெருக்கமாக அடைக்கப்படுவன. ஆதலின் வெண்புள்ளி நோயையும் நங்கூரப் புழுவையும் உடன்கொண்டு வருதல் உண்டு. இவ்வச்சத்தினாலேயே, பொன்மீனை வீட்டிற் பெருக்கிக் கொடுக்கச் சிலர் முற்படுகின்றனர்.

அம்முயற்சி அரிதுமன்று. பெண்மீன் ஒருமுறையிலேயே பல நூறு முட்டைகளை நீர்ப்பூண்டுகளில் ஒட்டும்படி இடும். ஈன்ற மீன்களே அவற்றைத் தின்றுவிடுமாதலின், முட்டைகளை வேறு தொட்டிக்கு மாற்றல் வேண்டும். சில நாட்களிற் குஞ்சுகள் வெளிவரும். அவை தொடக்கத்திற் கருமை கலந்த நிறத்தன. பொன்னிறம் பின்னரே ஏறும். நிறமும் வடிவும் நன்கு அமையாதன அவற்றுட் பல. கழிக்க வேண்டிய அவற்றை இரையாக்கினால், செலவும் இல்லை, நோயும் இல்லை என்பது வளர்ப்போர் கணக்கு.

கணக்கிலே ஒன்று விடுபட்டது. நோய் வெளியிலிருந்து வருவது. தூய நீரும் தனித் தொட்டியும் அதனைத் தடுக்கும். பொன்மீனின் குறையோ உடலோடு பிறந்தது. அதன் உடலில் தயமினேசு என்னும் நொதியம் உண்டு. அது தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1ஐச் சிதைப்பது. எத்துணைத் தூய்மையாக வளர்த்தாலும் அந்நொதியம் நீங்காது.

தயமின் குறைந்தால் நரம்பு தளரும். மனிதரிடத்து அந்நோய் பெரிபெரி எனப்படும். 'இயலாது' எனப் பொருள்படும் சிங்களச் சொல் இரட்டித்து அப்பெயராயிற்று என்பர். யாவாத் தீவிலே, தீட்டிய அரிசியையுண்ட கோழிகள் நடைதளர்ந்ததை 1890களில் ஆராய்ந்தவர் ஐக்மன் என்னும் ஒல்லாந்த மருத்துவர். அவருக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது. அக்கோழிகளின் உணவிலே சத்து முன்னரே நீக்கப்பட்டிருந்தது. பொன்மீனை உண்ணும் மீனுக்கோ, உணவே சத்தை அழிக்கின்றது.

இதற்குச் சான்று நரிகளிடத்தே கிடைத்தது. 1932இல் ஐக்கிய அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், சஸ்டெக் என்பாரின் பண்ணை நரிகள் இரை வெறுத்து, தள்ளாடி, முடங்கி மாண்டன. அவற்றுக்கு இட்ட உணவிலே பச்சைக் கார்ப்பு மீன் கலந்திருந்தது. பொன்மீன் அக்கார்ப்பின் குடும்பத்ததே. சஸ்டெக் வாதம் என்னும் அந்நோய் தயமின் குறைவினால் வந்ததென்பது பின்னர்த் தெளிவாயிற்று. தொட்டி மீனிடத்தும் பசியின்மை, நிலைதடுமாற்றம், வலிப்பு ஆகியன அக்குறையின் குறிகளாம்.

சூடேற்றினால் இந்நொதியம் அழியும், உறையவைத்தலால் அழியாது. ஆயின் அவித்த மீன் உயிரிரையாகாது. என்றோ ஒருநாள் இடும் ஒரு குஞ்சினால் பெருந்தீங்கு விளையாது. நாடோறும் அதனையே இடுதலே கேடு. ஒஸ்கார் தன் ஆற்றிலே மீனை மட்டுமா தின்கிறது? பூச்சியும் நத்தையும் இறாலினமும் அதன் உணவேயாம். ஆதலின் சத்துச் சேர்த்துச் செய்த உருண்டையுணவை முதன்மையாகவும், பூச்சி, மண்புழு முதலியவற்றை இடையிடையேயும் இடுதல் நன்று. உயிர்மீன் வேண்டுமென்போர், வீட்டிற் பெருக்கிய கப்பி மீனைக் கொள்ளலாம். அதனிடத்து இந்நொதியம் இல்லை.

ஆற்று மீன் தன் இரையைத் தானே தேர்ந்து கொள்ளும். தொட்டி மீனுக்கு அவ்வுரிமை இல்லை. நாம் இடுவதே அதற்கு உணவு. தூயதெல்லாம் நல்லுணவாகாது என்பதை அறிந்து இடுதல் வளர்ப்போர் கடனாம்.