மலை தரும் மணம்

பி.எஸ்ஸி. (தாவரவியல்), இரண்டாம் ஆண்டு

விருந்தினர் வாசலில் கால் வைத்ததும் "காபி சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்பது தமிழர் வீடுகளின் முதல் உபசாரமாகிவிட்டது. ஆயினும் எங்கள் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்தில் நெல் விளையும், கரும்பு விளையும், மல்லாட்டை விளையும், காபி விளையாது. நாள்தோறும் நாம் அருந்தும் பொருள் ஏன் மலையை நாடிச் செல்கிறது? ஒரு காபி மணக்கவும், மற்றொன்று வெறுமனே கசக்கவும் காரணம் என்ன? தாவரவியல் மாணவன் என்ற முறையில் இவ்வினாக்களுக்கு நான் கற்றறிந்த விடைகளை இங்கே கூற விழைகிறேன்.

இரண்டு இனங்கள்

நாம் குடிக்கும் காபி பெரும்பாலும் இரண்டு இனங்களிலிருந்து கிடைக்கிறது. ஒன்று அராபிகா, மற்றது ரொபஸ்டா. இரண்டும் ரூபியேசி குடும்பத்தைச் சேர்ந்தவை. நம் வயல் வரப்பில் நிற்கும் நுணா மரமும், வீட்டு முற்றத்து இட்லிப்பூச் செடியும் இவற்றுக்கு உறவு! அராபிகாவின் உயிரணுவில் 44 குரோமோசோம்கள் உள்ளன. ரொபஸ்டாவில் 22 மட்டுமே. ரொபஸ்டாவும், யூஜெனியாய்டிஸ் என்னும் மற்றோர் ஆப்பிரிக்கக் காபி இனமும் இயற்கையில் கலந்து பிறந்ததே அராபிகா ஆகும்.

இவ்வேறுபாடு நாக்கிலும் தெரியும். அராபிகாக் கொட்டையில் சர்க்கரையும் எண்ணெயும் மிகுதி. ரொபஸ்டாவில் காஃபீன் ஏறக்குறைய இரு மடங்கு; குளோரோஜெனிக் அமிலங்களும் அதிகம். ஆகவே அராபிகா மென்மையும் இலேசான புளிப்பும் நறுமணமும் கொண்டது. ரொபஸ்டா அழுத்தமும் கசப்பும் உடையது. காஃபீன் பூச்சிகளுக்கு நஞ்சு. நமக்குக் கசப்பாகத் தோன்றுவது செடிக்குக் கவசமாக உதவுகிறது. வெப்பத்தையும் நோயையும் தாங்கி ரொபஸ்டா தாழ்ந்த மலைச் சரிவுகளில் வளர்வதற்கு இக்கவசமும் ஒரு காரணம் எனலாம். இந்தியாவில் இன்று விளையும் காபியில் ஏறக்குறைய 70 விழுக்காடு ரொபஸ்டாதான். தமிழ்நாட்டு மலைகளிலோ அராபிகாவே மிகுதி.

உயரம் செய்யும் வேலை

நமக்கு அண்மையிலுள்ள பெரிய காபி மலை சேர்வராயன் மலை. 1820-களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் ஏற்காட்டில் காபியை அறிமுகப்படுத்தினார். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். ஆயிரம் மீட்டர் மேலே ஏறினால் வெப்பம் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் குறையும். அப்படியானால் திருவண்ணாமலையைவிட ஏற்காடு எட்டு, ஒன்பது பாகை குளிர்ந்திருக்கும். அராபிகா விரும்புவது 15 முதல் 25 பாகை வரையிலான மிதவெப்பத்தையே.

குளிர்ச்சியால் சுவை எப்படிக் கூடுகிறது? பகலில் இலை ஒளிச்சேர்க்கையால் சர்க்கரை செய்கிறது. இரவில் செடி சுவாசித்து அதில் ஒரு பகுதியைச் செலவிடுகிறது. இரவு குளிர்ந்தால் அச்செலவு குறையும். மேலும், குளிரில் பழம் மெதுவாகப் பழுக்கிறது. விதை நிதானமாக நிரம்பி, கெட்டியாகவும் கனமாகவும் ஆகிறது. வெப்பமான தாழ்வாரத்தில் பழம் விரைந்து பழுத்துவிடும். விதை முற்றுமுன் தோல் சிவந்துவிடும். நிழல் மரங்கள் செய்வதும் இதே உதவிதான். சில்வர் ஓக், பலா முதலிய மரங்களின் நிழலில் செடியின் சூடு தணிகிறது.

மழைக்கும் இதில் பங்குண்டு. மார்ச், ஏப்ரலில் பெய்யும் மழையைத் தோட்டங்களில் பூ மழை என்பார்கள். உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் அம்மழை பட்டு விழித்து, பத்து நாட்களுக்குள் வெண்மையாக மலரும். அம்மழை தவறினால் பூக்கள் ஒரே சீராக மலரா. பழங்களும் ஒரே சீராகப் பழுக்கா.

இத்தனை சேமிப்பும் வெளிப்படுவது வறுக்கும்போதுதான். பச்சை மல்லாட்டைக்கும் மணலில் வறுத்த மல்லாட்டைக்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். சூட்டில் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் கூடிப் பழுப்பு நிறத்தையும் நூற்றுக்கணக்கான மணப் பொருள்களையும் உண்டாக்குகின்றன. உள்ளே சர்க்கரை இல்லாத கொட்டையை எவ்வளவு பக்குவமாக வறுத்தாலும் அம்மணம் வராது.

இலங்கை கற்பித்த பாடம்

சுவை மட்டும் இருந்தால் போதுமா? 1869-இல் இலங்கையில் காபி இலைத்துரு நோய் கண்டறியப்பட்டது. ஹெமிலியா வஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சையே இதற்குக் காரணம். இருபது ஆண்டுகளுக்குள் அங்கே காபித் தொழில் சரிந்தது. தமிழகத்திலிருந்து பிழைக்கச் சென்றோர் உழைத்த மலைகள் தேயிலைக்கு மாறின.

அன்று முதல் விஞ்ஞானிகளின் நோக்கம், நோயைத் தாங்கும் சுவையான செடியை உருவாக்குவதே. கர்நாடகத்தின் பாலெஹொன்னூரில் 1925-இல் தொடங்கப்பட்ட ஆராய்ச்சி நிலையம் இப்பணியைச் செய்து வருகிறது. அங்கு உருவாகி 1940-களில் பரவிய எஸ்.795 என்னும் வகை இன்றும் நல்ல சுவைக்குப் பெயர் பெற்றது. 2007-இல் வெளியிடப்பட்ட சந்திரகிரி என்னும் வகையில், திமோர்த் தீவில் அராபிகாவும் ரொபஸ்டாவும் இயற்கையாகக் கலந்து உண்டான செடியின் எதிர்ப்புச் சக்தி சேர்ந்துள்ளது.

கைகளின் பங்கு

மலையும் இனமும் தந்ததைக் காப்பதும் கெடுப்பதும் பறிக்கும் கைகளே. கிணறு வற்றிய ஆண்டுகளில் எங்கள் வீட்டிலிருந்து என் பெற்றோர் சேர்வராயன் மலைத் தோட்டங்களுக்குப் பழம் பறிக்கச் செல்வது வழக்கம். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். என் கட்டணத்தில் ஒரு பங்கு அப்பழங்களிலிருந்து வந்தது. ஒரே கொத்தில் பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்திருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ளி எடுக்க வேண்டும்; பத்துப் பதினைந்து நாள் கழித்து அதே செடிக்கு மறுபடியும் வர வேண்டும். பச்சைக் காய் கலந்தால் காபியில் துவர்ப்பு ஏறும். "கண்ணு பழத்து மேல இருக்கணும், கை தானா போவும்" என்பார் என் அம்மா.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கூலி எடையைப் பொறுத்தது என்றால், கொத்தோடு உருவுகிறவருக்கு அதிகம் கிடைக்கும்; பார்த்துப் பறிப்பவருக்குக் குறையும். ஆகவே, நல்ல காபி வேண்டுமெனில் பொறுமைக்கும் கூலி தரப்பட வேண்டும். இது அறமும் ஆகும், அறிவியலும் ஆகும்.

முடிவாக

உலகின் வெப்பம் உயர்ந்து வருகிறது. அராபிகா விரும்பும் குளிர்ச்சி ஆண்டுதோறும் மலையின் மேல் நோக்கி நகர்கிறது. ஆனால் சேர்வராயன் மலையின் உச்சியே 1,600 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டும்; அதற்குமேல் ஏற இடமில்லை! நிழல் மரங்களைக் காத்தல், வெப்பம் தாங்கும் நல்ல இரகங்களைக் காணுதல், பறிப்போர்க்குத் தக்க கூலி அளித்தல் ஆகிய மூன்றுமே நம் காபியின் மணத்தைக் காக்கும் வழிகள். மாணவ நண்பர்களே! இவற்றுள் இரண்டாவது நம்மைப் போன்ற தாவரவியல் மாணவர்களுக்காகவே காத்திருக்கும் பணி. அதனை ஏற்க நாம் ஆயத்தமாவோமாக!