தேக்கம்பட்டிப் பாப்பம்மாள் பாட்டியார்

கோயமுத்தூர் ஜில்லா மேட்டுப்பாளையம் தாலுகாவில், நீலகிரி மலையின் அடிவாரத்தே, பவானி நதியை அடுத்து அமைந்தது தேக்கம்பட்டி என்னும் கிராமம். அவ்வூரில் நூறாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, முதிர்ந்த பருவத்திலும் தம் நிலத்தில் இறங்கிப் பாடுபட்டு வந்த பாப்பம்மாள் என்னும் மூதாட்டியார் 2024-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 27-ந் தேதி காலமானார். ரங்கம்மாள் என்ற பெயரும் அவருக்கு உண்டு. ஆயினும், ஊரார்க்கும் அயலார்க்கும் அவர் பாட்டியே.

அவர் பிறந்தது 1914-ஆம் வருஷம் என்பாரும், 1916 என்பாரும் உளர். இளமையிலேயே தாய் தந்தையரை இழந்த அவரையும், அவருடன் பிறந்த சகோதரியர் இருவரையும், தந்தையைப் பெற்ற பாட்டியார் தேக்கம்பட்டிக்கு அழைத்து வந்து வளர்த்தார். அம்முதியவளின் நிழலில் வளர்ந்த சிறுமியே பிற்காலத்தில் ஓர் ஊருக்கே பாட்டியானார் என்பது நினைக்கத்தக்கது.

கிராமத்தில் இருந்த சிறு கடையொன்று அவர் கைக்கு வந்தது. அதனை நடத்தியதோடு, அவ்வூரிலேயே ஓர் உணவுக் கடையும் வைத்தார். அடுப்படியில் வெந்தும், தராசு பிடித்தும் சேர்த்த பொருளை அவர் நகையாக்கி வைக்கவில்லை, நிலமாக்கினார். சிறுகச் சிறுக ஏறக்குறைய 10 ஏக்கர் நிலம் அவ்வருவாயைக் கொண்டே வாங்கப்பட்டது. மூதாதையர் விட்டுச் சென்ற நிலத்தைக் காப்பதே அரிதாகும் குடும்பங்கள் பல. கடை வருவாயில் ஒரு பெண்மணி 10 ஏக்கர் தேடியது எளிய காரியமன்று.

மக்காச்சோளம், பயறு வகைகள், காய்கறிகள், கனிகள் ஆகியவற்றை அந்நிலத்தில் அவர் பயிரிட்டார். இயற்கை எருவைக் கொண்டு நடத்தும் சாகுபடியே அவருக்குப் பெயர் தேடித் தந்தது. இம்முறையின் உட்பொருள் விவசாயிகள் அறியாததன்று. பயற்றுச் செடியின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை ஈர்த்துச் செடிக்கும் மண்ணுக்கும் அளிக்கின்றன. ஆதலின், தானியப் பயிரைத் தொடர்ந்து பயறு விதைப்பது நிலத்துக்கு உரமிடுவதை ஒக்கும். தொழுவில் வீணே வடியும் மாட்டு மூத்திரத்தை வைக்கோலிலும் சருகிலும் ஊறச்செய்து, சாணத்துடன் நிழற்குழியில் மட்கவிட்டால் எருவின் வன்மை பெருகும். இவையெல்லாம் நாள்தோறும் கண்ணும் கையும் பட்டால் அன்றிப் பயன் தாரா. தம் நிலத்தில் தாமே இறங்கி உழைத்தவர்க்கு இம்முறை பொருந்தியதில் வியப்பில்லை.

எண்பது வயதைக் கடந்தபின், முழு நிலத்தையும் பார்ப்பது இயலாதெனக் கண்டு, அதிற் பெரும்பகுதியை விற்றுவிட்டு 2½ ஏக்கரை மட்டும் தமக்கென நிறுத்திக் கொண்டார். கைக்கெட்டாத நிலத்தைப் பெயருக்கு வைத்துக் கொண்டு தரிசாக விடுவதினும், கைக்கு அடங்கிய நிலத்தைக் கருத்தாகப் பயிர்செய்வது மேல் என்பதற்கு இஃதோர் உதாரணம்.

அவருடைய உழைப்பு வயலோடு நின்றுவிடவில்லை. தேக்கம்பட்டிப் பஞ்சாயத்தின் வார்டு அங்கத்தினராகவும், காரமடை ஊராட்சி ஒன்றியத்தின் கவுன்சிலராகவும் பணியாற்றினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் உழவர் விவாதக் கூட்டங்களிலும் அமைப்பாளராகப் பங்கு கொண்டார். 2021-ஆம் வருஷத்தில் இந்திய அரசாங்கம் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தது. அப்பொழுது அவருக்கு வயது 105 எனக் கணக்கிடப்பட்டது. அப்பொழுதும் அவர் நிலத்தை விட்டுவிடவில்லை.

பாட்டியாரின் பெருமையைப் பேசுவதோடு அமையாமல், அவர் வாழ்வு நினைவூட்டும் குறையொன்றையும் நோக்குதல் தகும். களை எடுத்தல், நாற்று நடுதல், விதை காத்தல், மாடு பேணல் முதலிய வேலைகளிற் பெரும்பங்கு பெண்களுடையது. எனினும், 2015-16-ஆம் வருஷத்து விவசாயக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் பெண்கள் நடத்தும் பண்ணைகள் நூற்றுக்கு ஏறக்குறைய 14 மட்டுமே. உழைப்பவர் ஒருவர், பட்டாவிலிருப்பவர் வேறொருவர் என்ற நிலையே எங்கும் மிகுதி. பயிர்க்கடனும், காப்பீடும், அரசாங்க உதவித் தொகையும் பெரும்பாலும் நிலப் பதிவில் உள்ள பெயரைப் பற்றியே வருவன. குடும்பத் தலைவர் காலமானபின் பட்டா மாறாமற் கிடக்குமாயின், அவர் மனைவி தாம் ஐம்பது வருஷம் உழைத்த நிலத்துக்கே அயலார்போல் நிற்க நேரிடுகிறது.

சட்டம் இதற்குத் தடையாக இல்லை. 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம் பெண்களுக்குத் தம் சொத்தின் மீது முழு உரிமை அளித்தது. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துத் திருத்தமும், நாடு முழுவதற்குமாக 2005-ஆம் வருஷத்துத் திருத்தமும் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளிர்க்கு மகனோடொத்த உரிமை வழங்கின. எஞ்சியிருப்பது நிலமுடையோரின் மனமும், கிராம அதிகாரிகளின் முயற்சியுமே. வாங்கும் நிலத்தில் மனைவியின் பெயரையும் சேர்த்துப் பதிதல், வாரிசுப் பட்டா மாறுதலைக் காலம் கடத்தாமல் முடித்தல், அடங்கல் எழுதுங்கால் உண்மையில் பயிர் செய்பவர் யாரென விசாரித்து எழுதுதல் ஆகிய இம்மூன்றும் செய்யப்பெறின், அநேக இல்லங்களில் நீதி நிலைபெறும்.

பாட்டியார் கடை வருவாயால் நிலம் தேடினார். தேடிய நிலத்தைத் தம் கையாலேயே திருத்தினார். அவரைப்போல் விருதும் புகழும் பெறாத மூதாட்டியர் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். விடியுமுன் எழுந்து தொழுவைக் கூட்டி, பேரக் குழந்தைகளுக்குக் கஞ்சி வார்த்து, பின் களைக்கொட்டுடன் வரப்பேறிச் செல்லும் அவர்களுக்கு, அவர்கள் உயிரோடிருக்கும்போதே செய்யத்தக்க மரியாதை, அவர்கள் உழைத்த நிலத்தில் அவர்கள் பெயரும் எழுதப்படுவதேயாகும்.