வீட்டுக் கோழிகளைக் கொல்லும் பிராணிகளும் தடுப்பு முறைகளும்

சங்கரன்கோவில் தாலுகா மேலநீலிதநல்லூர் போன்ற மானாவாரிக் கிராமங்களில், மழை பொய்த்த காலத்தும் கைச்செலவுக்கு உதவுவன புறக்கடையில் வளரும் நாட்டுக்கோழிகளே. அவற்றை ஒரே இரவில் பறிகொடுத்த குடியானவர்கள், மறுபடியும் குஞ்சுகள் வாங்குமுன் கூட்டைச் சீர்படுத்துதல் அவசியம். ஒருமுறை இரை கண்ட பிராணி அவ்விடத்தை மறவாது, மீண்டும் வரும்.

சேதத்தின் அடையாளம்.— கீரியின்மீதே யாவரும் பழி சுமத்துவர். ஆனால் கீரி பெரும்பாலும் பகலில் இரை தேடுவது. இரவில் வருவன மரநாய், காட்டுப்பூனை, நரி, தெருநாய் முதலியன. அடைபட்ட கோழிகள் சிறகடித்துக் கலவரப்படும்போது, இத்தகைய பிராணிகள் பசிக்கு வேண்டியதற்கு மேலும் கொன்று போடுவதுண்டு. முட்டைகளும் குஞ்சுகளும் சுவடின்றி மறைந்தால் பாம்பைச் சந்தேகிக்கலாம். காயம் யாதுமின்றிப் பல கோழிகள் மடிந்தால் அது நோயாகலாம். கால்நடை மருத்துவரிடம் உடனே காட்டுதல் வேண்டும்.

கூடு.— தரைக்கு 2 அடி உயரத்தில், கற்கால்களின்மேல் பனஞ்சட்டங்களால் கூடு அமைத்தல் நன்று. இராத் தங்கலுக்குக் கோழி ஒன்றுக்கு 1 சதுர அடி போதும். காற்றுத் திறப்புகளில் அரை அங்குலக் கண்ணுள்ள கம்பி வலை அடித்தல் வேண்டும். அகன்ற கண் வலை கோழியை உள்ளே நிறுத்துமேயன்றிப் பாம்பை வெளியே நிறுத்தாது. தரைமட்டக் கூடாயின், சுவரைச் சுற்றி 1 அடி அகலத்திற்கு வலையைப் படுக்கவைத்துக் கல்லும் மண்ணும் இட்டு மூடினால், தோண்டி நுழைதல் தடைப்படும். கதவைக் கயிற்றால் கட்டிவிடாமல் தாழ்ப்பாள் இடுக. பொழுது சாயுமுன் கோழிகளை எண்ணி அடைத்தல் நாள் தவறாத வழக்கமாக வேண்டும்.

பகற்காவல்.— பருந்துக்கும் காக்கைக்கும் தப்புவிக்க, முதல் 4 வாரம் குஞ்சுகளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைக்கலாம். அடைக்கோழியின் 21 நாளும் கூட்டினுள்ளேயே கழிதல் நலம். கூட்டைச் சூழ்ந்த சீமைக்கருவேல் புதரை வெட்டி வெளியாக்குக.

சட்டம்.— கண்ணி வைப்பதும் விஷம் கலந்த இறைச்சி போடுவதும் கூடா. 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி, காட்டுப்பூனை, நரி ஆகியவற்றைக் கொல்லுதல் குற்றம்; விஷமோ வீட்டு நாயையும் மயிலையும் சேர்த்தே கொல்லும். கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் இதனை எடுத்துரைப்பதோடு, வீடுகளையடுத்த புறம்போக்குப் புதர்களை அகற்றவும், இறைச்சிக் கழிவைப் புதைக்கவும் ஏற்பாடு செய்தல் வேண்டும். கழிவு கிடக்கும் இடத்திற்கே தெருநாயும் நரியும் முதலில் வரும். அடுத்து நாடுவது கோழிக்கூட்டையே.